வேன் அக்கா தோற்ற சண்டைகள்

மலேசியாவின் ஈப்போ நகரில், குனோங் ராபாட்டில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பல வருடங்கள் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் அவர். பிள்ளைகள் வேன் அக்கா என்றார்கள். பெற்றோரும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் எங்கள் சபையில் போதகர்கூட அப்படித்தான் அழைத்தார். என் பிள்ளைகள் இருவரும் அந்த வேனில் போனவர்கள்தாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தோம். பெரிய பிள்ளைகள் எனக்கு, சின்னப் பிள்ளைகள் அவருக்கு.

அவருடைய வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஒருநாள் காலை பள்ளி வாசலை அடைத்தபடி ஒருவர் தன் பெரிய காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"வெய், இது உங்க அப்பா போட்ட ரோடா?"

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அக்கா மலாய்க்கு மாறினார். எதிர்க்கடைச் சீனப் பெரியவர் வேடிக்கை பார்க்க வெளியே வர, அக்கா கேன்டனீஸில் அவரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார். கார் நகர்ந்தது. வேனுக்குள் பிள்ளைகள் கை தட்டினார்கள். இதாவது நியாயமான சண்டை. இன்னொரு தடவை, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை அக்காவே வேனால் இடித்துத் தள்ளிவிட்டார். பேச்சு முடிந்தபோது மன்னிப்புக் கேட்டவர் மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரர்.

தோற்றதே இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"ஆவியின் கனியில மத்ததெல்லாம் பிஞ்சாவது விட்டிருக்கு, தங்கச்சி. நீடிய பொறுமை மட்டும் இன்னும் பூக்கவே இல்ல லா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டியரிங் மேல் வேதாகமத்தை விரித்துவைத்து உதடு அசைய வாசிக்கும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது. வண்டி ஓட்டிக்கொண்டே சத்தமாக ஜெபிப்பார். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கலாமா என்று என் மகள் ஒருமுறை கேட்டாளாம். "மூடிக்கிட்டு ஓட்டுனா நேரா அவர்கிட்டயே போயிடுவோம், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறியபோது இளம்பெண்ணாக ஈப்போவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். அங்கே உடன் வேலை செய்த ஒருத்தி மூலம்தான் இயேசுவை அறிந்துகொண்டார். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போதே கிறிஸ்தவக் குடும்பம். சபையில் எங்களைப் போன்றவர்கள் நிறைய. நாங்களெல்லாம் ஆராதனையில் அடக்கமாகப் பாடுவோம். அவர் வந்த பிறகு கூரை அதிர்ந்தது. ஞானஸ்நானம் எடுத்த புதிதில், கர்த்தர் தன் வாழ்வில் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல யாரையாவது அழைத்தால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். அவர் சொல்லும் சாட்சி எல்லாருக்கும் மனப்பாடம்.

அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது, தோட்டத்து வீட்டில் அண்ணன் படையல் போட்டிருக்கிறார். உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். இவர் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, செத்தவர்களுக்குச் சோறு படைப்பதும் கல்லைக் கும்பிடுவதும் வீண் என்று உரக்கப் பிரசங்கம் செய்திருக்கிறார். "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று அண்ணன் விரட்டிவிட்டார். "கர்த்தருக்காக அன்னைக்கு என் சொந்த பந்தத்தையே விட்டுட்டு வந்தேன்" என்று அக்கா முடிப்பார். சபை அல்லேலூயா சொல்லும்.

அந்தச் சாட்சி ஒரு கட்டத்தில் நின்றுபோனது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் வேனில் இரண்டு சிறுமிகளுக்குள் சண்டை. ஒருத்தி எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை. மற்றவள் நெற்றியில் விபூதியோடு வரும் பிள்ளை. "ஒங்க சாமி வெறும் கல்லு" என்று இவள் சொல்ல, அவள் ஓவென்று அழுதிருக்கிறாள். அக்கா வேனை ஓரங்கட்டினார். யார் இப்படிப் பேசச் சொன்னது என்று அதட்டினார்.

"நீங்கதானே அக்கா கிளாஸ்ல சொன்னீங்க? உங்க அண்ணன்கிட்ட அப்படித்தான் சொன்னேன்னு?"

சாயங்காலம் என் பிள்ளைகளை இறக்கிவிட்டவர், வேனை அணைத்துவிட்டு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். தேநீர் ஆறிப்போகும்வரை தொடவில்லை.

"என் பேச்சு அந்தப் புள்ள வாயிலேர்ந்து வருது, தங்கச்சி. கேக்கச் சகிக்கல. இயேசுவப் பத்தி எவ்வளவோ சொல்லிக் கொடுத்தேன். அது கத்துக்கிட்டது இதைத்தான்."

அடுத்த ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் அந்தச் சாட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, எழுந்து சொல்லும்படி அவரைக் கேட்டார். அக்கா எழுந்தார். "அது சாட்சி இல்லங்கையா. அது என் வாய்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிரசங்கியார் பாட்டு எண்ணை அறிவித்தார்.

அந்த வாரமே அண்ணனைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். என்னையும் கூப்பிட்டார்.

"தனியாப் போனா வாயத் தொறந்துடுவேன். நீ பக்கத்துல நில்லு. அவர எதிர்த்து நான் ஏதாச்சும் பேசப் போறேன்னு தெரிஞ்சா கையில நல்லாக் கிள்ளு."

வழியில் தம்புனில் நிறுத்தி நல்ல பம்பளிமாஸ் பழமாகப் பார்த்து வாங்கிக்கொண்டோம். அண்ணன் அப்போது தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். பின்வேலிவரை செம்பனை. கதவைத் திறந்தவர் அண்ணி. அக்காவைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கணவரைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அம்மா படையல்ல நான் பேசுனது தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எது தப்பு? உன் சாமியா?"

"சாமி இல்லண்ணே. நான் பேசுனது."

அதற்குப் பிறகு அண்ணன் பேசியதை நான் மறக்க முடியாது. அத்தனை வருடங்களாக உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. "பெத்தவளுக்கு ஒரு வாய் சோறு வெக்கிறோம். அத ஊரு சனத்துக்கு முன்னால கேலி பண்ணுனியே! உன் சாமி பெருசுன்னா வெச்சுக்க. அம்மா படத்துக்கு முன்னால வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மாவே கேட்டுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு எனக்கு." அக்கா தலையைக் குனிந்து நின்றார். அண்ணன் நிறுத்தவில்லை. "அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ எட்டிப் பாத்தியா?" என்றார்.

அது பொய். அம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பக்கத்தில் இருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டியது அக்காதான். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். இதோ வெடிக்கப் போகிறார் என்று என் கை அவர் கைப்பக்கம் போனது. அவர் வாயைத் திறக்கவில்லை. கிள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

"சொல்லிட்டல்ல? போ" என்றார் அண்ணன்.

பழத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வேன் பெரிய சாலையில் ஏறியதும் நான்தான் பொறுக்காமல் ஆஸ்பத்திரி விஷயத்தைக் கேட்டேன்.

"அவருக்கும் தெரியும், தங்கச்சி. கோவத்துல சொல்றாரு. மன்னிப்புக் கேக்கப் போன எடத்துல நியாயம் பேச முடியுமா?" சற்றுத் தூரம் போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா என்னமாப் பேசுறாரு பாத்தியா! எங்க குடும்பமே அப்படித்தான் லா."

அதன் பிறகும் அவர் போனார். நான் உடன் போகவில்லை. தேவைப்படவில்லை. முதலில் வாசலோடு திரும்பினார். பிறகு அண்ணி உள்ளே கூப்பிட்டார். எந்த நாளில் அண்ணன் பேசத் தொடங்கினார் என்று அக்காவுக்கே ஞாபகமில்லை. பிறகு அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. சிறுநீரகமும் கெட்டது. ஒரே மகன் சிங்கப்பூரில். ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுவர ஆளில்லை. காலைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அக்கா நேராகச் சுங்கை சிப்புட் பக்கம் வண்டியை விடுவார். அண்ணனைக் கொண்டுவந்து டயாலிசிஸ் நிலையத்தில் விட்டு, மத்தியானப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, மறுபடி அவரை வீட்டில் சேர்ப்பார். சில நாட்கள் முன்சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்க, பின்னால் பிள்ளைகள் கூச்சலிட, எங்கள் தெருவில் அந்த வேன் திரும்பும்.

அண்ணன் சீண்டிக்கொண்டே வருவார். "உன் சாமிகிட்டச் சொல்லு, ஊசி வலிக்காமப் போடணும்னு."

"சொல்லிட்டேண்ணே. நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன்."

அண்ணனிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வதில்லையா என்று நான் ஒருநாள் கேட்டேன். ஒரு காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைக்கூட விடாதவர் ஆயிற்றே.

"ஒருநாள் அவராக் கேட்டாரு. சொன்னேன். 'ம்'ன்னாரு. அதுக்கு மேல கர்த்தர் பாத்துக்குவாரு. அந்த வண்டிக்கு டிரைவர் நான் இல்ல லா."

பிரச்சினை திருவிழாவில் வந்தது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் அங்கே மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் கூடுவார்கள். அண்ணன் தன் இளமையில் அந்தக் கோயிலுக்குச் சிமெண்டு சுமந்தவர். இந்த வருடம் பார்த்துவிட வேண்டும் என்றார். சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றிப்போக யாரும் இல்லை. அக்கா கொண்டுபோனார். கோயில் வாசல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய தோட்டத்துக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே பந்தலில் காத்திருந்தார். யாரோ படம் எடுத்தார்கள். விபூதி பூசிய அண்ணன், பின்னால் பால்குடங்கள், நாற்காலியைப் பிடித்தபடி சிரிக்கும் எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அந்தப் படம் அன்று சாயங்காலமே சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயற்குழு கூடியது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் என்பதால் நானும் இருந்தேன். செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், விசுவாசத்தில் கண்டிப்பானவர். என் அப்பாவுக்கு நண்பர்.

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் நீங்கள். இது அவர்களுக்கு இடறலாக இருக்காதா?"

"நான் கும்பிடப் போகலங்கையா. எங்க அண்ணனைத் தள்ளிக்கிட்டுப் போனேன்."

"வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாமே."

"அவருக்கு வேற யாரும் இல்லங்கையா."

"சரி. இனிமேல் போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதோடு விட்டுவிடலாம்."

அக்கா யோசித்தார். "அடுத்த வருஷமும் அவர் கேட்டார்னா கொண்டுபோவேங்கையா. இப்ப போகமாட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்."

அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அவர் வாயைத் தெரியும். அதோடு, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளும் அவர் வேனில் போனவர்கள். பிள்ளைகள் வேனில் பேசாத வீட்டு விஷயம் உண்டா? யார் வீட்டில் எந்தச் சாமியாரின் தாயத்து ஒளிந்திருக்கிறது, யார் மகன் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நினைத்திருந்தால் அந்த மேசையைச் சுற்றி ஒருவரையும் மிச்சம் வைத்திருக்கமாட்டார்.

கொஞ்ச காலத்துக்கு வகுப்பு எடுக்க வேண்டாம் என்று செயலாளர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"சரிங்கையா" என்றார் அக்கா.

கார் நிறுத்துமிடத்தில் நான்தான் கொதித்தேன். ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டேன்.

"பேசத் தெரியாமலா இருந்தேன்? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, தங்கச்சி. முழுங்கிட்டேன். கசப்புத்தான். ஆனா எறங்கிருச்சு." சாவியைத் தேடி எடுத்தார். "அவங்க கெட்டவங்க இல்ல. பிள்ளைங்கள நெனச்சுப் பயப்படுறாங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தானே பயந்து கத்துனேன்?"

வேறொருவராக இருந்தால் சபையை விட்டுப் போயிருப்பார். ஈப்போவில் வேறு சபைகளா இல்லை? கூப்பிடவும் செய்தார்கள். அக்கா போகவில்லை. ஞாயிறு காலையில் வழக்கம்போல அதே பிள்ளைகளை ஏற்றிவந்து, தன்னுடையதாக இருந்த அந்த வகுப்பின் வாசலில் இறக்கிவிட்டார். பிறகு சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் தேநீர் கலந்தார். செயலாளருக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கென்று சர்க்கரை போடாத தேநீரை ஞாபகமாகத் தனியே எடுத்துவைப்பார். கைக்கு வந்த கோப்பையைச் செயலாளர் வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டார். அக்கா, "சூடா இருக்குங்கையா, பாத்து" என்பார். நான் அந்தச் சமையலறை வாசலில் நின்று, இவர் என் தோழி என்று எத்தனையோ முறை பெருமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த திருவிழா வருவதற்குள் அண்ணன் இறந்துபோனார்.

துக்க வீட்டுக்குச் சபையிலிருந்து யார் வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். நான் போனபோது அக்கா வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து கொள்ளிச்சட்டியோடு நின்றிருந்தான். சடங்குகள் நடக்கும்போது அக்கா ஓரமாக, கை கட்டி, தலை குனிந்து நின்றார். உதடுகள் அசைந்தன. ஒரு சடங்கையும் அவர் செய்யவில்லை. ஒன்றையும் தடுக்கவும் இல்லை. அழுது மயங்கிய அண்ணியைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்தார்.

அப்போது வாசலில் செயலாளர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் சங்கு ஊதுபவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா பார்த்துவிட்டார். ஓடிப்போய், "வாங்கையா" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் மட்டும் வீட்டில் இருந்தோம். செயலாளருக்கு முட்டிவலி. அவரும் போகாமல் இருந்தார். அண்ணி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க இவ சர்ச்சுப் பெரியவருங்களா?"

"ஆமாம்மா."

"இவ சாமியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கையா. அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு கத்துனதும் இவதான். இன்னைக்கு எம் புருஷனைப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டு, கடைசியா அவரு வாயில தண்ணி ஊத்துனதும் இவதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தச் சாமி இவள நல்லா வளத்திருக்கு."

திரும்பி வரும் வழியில் செயலாளர் என் காரில்தான் வந்தார். ஈப்போவை நெருங்கி, தாசேக் தாண்டும்போது, "நாற்பது வருடமாக இந்தச் சபையில் இருக்கிறேன். என்னைப் பற்றி வெளியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை அம்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். வேன் அக்கா இன்று முதல் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை மறுபடி எடுப்பார் என்றார். அவரை நிறுத்திவைத்தது தான் செய்த தவறு என்றும், சபைக்கு முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். அப்படி ஒன்றை நாங்கள் அந்த மேடையிலிருந்து கேட்டதில்லை. எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தோம்.

அக்கா எழுந்து நின்றார். எதையோ முந்தானை நுனியில் முடிந்து அவிழ்ப்பதுபோல விரல்கள் அலைந்தன.

"ஐயா, நீங்க ஒருத்தர் மட்டும் மன்னிப்புக் கேட்டா சரியா வராது. அன்னைக்கு மேசைக்கு முன்னால நான் 'சரிங்கையா'ன்னுதான் சொன்னேன். ஆனா வீட்டுக்குப் போயி பாத்திரம் கழுவும்போது உங்கள நல்லாத் திட்டிட்டேன். தமிழ்லயும் திட்டினேன், மலாய்லயும் திட்டினேன். அதுக்கு நீங்க என்னய மன்னிக்கணும்."

சபை முழுவதும் சிரித்தது. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மைக்கில் கேட்டார்:

"கேன்டனீஸில் திட்டவில்லையா அம்மா?"

"அதுக்குள்ள பாத்திரம் முடிஞ்சிருச்சுங்கையா" என்றார் அக்கா.